முன்பணம் கொடுப்பதற்கு முன் மன்றத்தைக் கேளுங்கள்

எஸ்.எஸ்.எம். பதிவு கைக்கு வந்துவிட்டால் கடையைத் திறந்துவிடலாம் என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பாலிடெக்னிக்கில் என்னோடு வணிகப் பிரிவில் படிக்கும் நண்பர்கள்கூட அப்படித்தான் சொன்னார்கள். எங்கள் பாடத்தில் சந்தைப்படுத்துதல் இருக்கிறது. கணக்கியல் இருக்கிறது. வணிகத் திட்டம் எழுதத் தனியாக ஒரு பணியே தருகிறார்கள். ஊராட்சி மன்றத்தில் வியாபார உரிமத்துக்கு எப்படி விண்ணப்பிப்பது என்பதை மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை.

கடந்த ஆண்டு என் அம்மாவுக்காக அதை நான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அம்மா பல ஆண்டுகளாக வீட்டிலிருந்தே தொழிற்சாலைப் பணியாளர்களுக்குக் காலை உணவு சமைத்துக் கொடுத்து வந்தார். தோசை, வடை, நாசி லெமாக். வாடிக்கையாளர்கள் கூடியதும் சிறிய சாப்பாட்டுக் கடை ஒன்றை வாடகைக்கு எடுக்க முடிவு செய்தார். கையில் இருந்த சேமிப்பு 12,000 ரிங்கிட். வாடகை முன்பணம், அடுப்பு, குளிர்பெட்டி, மேசை நாற்காலி எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். உரிமம் இல்லாமல் இரண்டு மாதம் பூட்டிய கடைக்கு வாடகை கட்டினால் அடுப்பு வாங்கப் பணம் மிஞ்சாது.

அம்மா தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டுவரை படித்தவர். மலாய் நன்றாகப் பேசுவார். ஆனால் அரசாங்கப் படிவத்தில் வரும் மலாய் வேறு மாதிரி. அதனால் படிவங்களையும் அலுவலகங்களையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னிடம் வந்தது. உங்களில் பலர் வீட்டிலும் இதே நிலைதான் இருக்கும். அதனால்தான் நான் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

பதிவு வேறு, உரிமம் வேறு

முதலில் இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்போம். எஸ்.எஸ்.எம். எனப்படும் மலேசிய நிறுவன ஆணையத்தில் செய்வது வணிகப் பதிவு. 1956-ஆம் ஆண்டு வணிகப் பதிவுச் சட்டத்தின்படி, தொழிலைத் தொடங்கிய 30 நாள்களுக்குள் பதிவு செய்துவிட வேண்டும். அடையாள அட்டையில் உள்ள சொந்தப் பெயரிலேயே தொழில் செய்தால் ஆண்டுக்கு 30 ரிங்கிட். தொழிலுக்குத் தனிப்பெயர் வைத்தால் 60 ரிங்கிட். ஓராண்டு முதல் ஐந்து ஆண்டுகள்வரை சேர்த்தே கட்டலாம். 18 வயது நிறைந்த மலேசியக் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் பதிவு செய்யலாம். ஈஸிபிஸ் என்ற இணையத்தளத்தில் எல்லாம் முடிந்துவிடுகிறது. உயர்கல்வி மாணவர்கள் கட்டணமின்றிப் பதிவு செய்யும் திட்டத்தையும் எஸ்.எஸ்.எம். நடத்தி வந்திருக்கிறது, உங்கள் கல்லூரியின் தொழில்முனைவோர் பிரிவில் கேட்டுப் பாருங்கள்.

பதிவை அலட்சியப்படுத்தக் கூடாது. பதியாமல் தொழில் செய்தால் 50,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது இரண்டு ஆண்டுவரை சிறை அல்லது இரண்டும் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் இன்ன பெயரில் இன்னார் தொழில் செய்கிறார் என்பதை மட்டும்தான் அந்தப் பதிவு சொல்கிறது. எஸ்.எஸ்.எம். உங்கள் கடையை வந்து பார்ப்பதில்லை. அங்கே கை கழுவக் குழாய் இருக்கிறதா, சமையல் கழிவுநீர் எங்கே போகிறது, தீப்பிடித்தால் பின்வாசல் திறக்குமா என்று கேட்பதும் அதன் வேலை அன்று.

அதைக் கேட்பது ஊராட்சி மன்றம். உங்கள் ஊருக்கு ஏற்ப அது மாநகர் மன்றமாகவோ நகராண்மைக் கழகமாகவோ மாவட்ட மன்றமாகவோ இருக்கும். 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் 107-ஆவது பிரிவு உரிமம் வழங்கும் அதிகாரத்தை மன்றத்துக்குத் தருகிறது. எந்தத் தொழிலுக்கு எவ்வளவு கட்டணம், என்ன நிபந்தனை என்பதை ஒவ்வொரு மன்றமும் தன் துணைச் சட்டங்களில் எழுதி வைத்திருக்கிறது. அதனால்தான் ஒரே மாதிரிக் கடைக்குப் பக்கத்து ஊரில் வேறு கட்டணம் வருகிறது. நான் இங்கே சொல்வது தீபகற்ப மலேசிய நடைமுறை. சபா, சரவாக்கில் தனிச் சட்டங்கள் உள்ளன.

இடம்தான் முதல் கேள்வி

பதிவு ஆளைப் பற்றியது என்றால், உரிமம் இடத்தைப் பற்றியது. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

அம்மா இரண்டு இடங்களைப் பார்த்து வைத்திருந்தார். ஒன்று, தாமான் நுழைவாயிலில் உள்ள மூலை வீடு. முன்பக்கம் கூரை போட்டு நீட்டியிருந்தார்கள். வாடகை 750 ரிங்கிட். காலையில் பள்ளிக்கும் வேலைக்கும் போகிற எல்லாரும் அந்த வழியாகத்தான் போவார்கள். மற்றொன்று, அரை கிலோமீட்டர் தள்ளிக் கடைவீட்டின் கீழ்த்தளம். வாடகை 1,600 ரிங்கிட். மூலை வீட்டுக்காரர் சனிக்கிழமைக்குள் முன்பணம் வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்றார். அம்மாவின் மனம் அந்த வீட்டில்தான் இருந்தது.

வியாழக்கிழமை இரண்டு இடங்களின் முகவரியையும் கைப்பேசியில் எடுத்த படங்களையும் எடுத்துக்கொண்டு மன்றத்தின் உரிமப் பிரிவுக்குப் போனோம். கவுண்ட்டரில் இருந்த அதிகாரி முகவரியைக் கணினியில் தட்டிப் பார்த்துவிட்டு எங்களைத் திட்டமிடல் பிரிவுக்கு அனுப்பினார். பதில் உடனே கிடைத்தது. மூலை வீடு இருக்கும் நிலம் குடியிருப்புக்கானது. அங்கே உணவகத்துக்கு உரிமம் கொடுக்க முடியாது. கடைவீட்டுக்குத் தடையில்லை.

இதற்குப் பின்னால் உள்ள விதி எளிமையானது. நம் நாட்டில் நிலம் விவசாயம், கட்டடம், தொழில்துறை என மூன்று வகையாகப் பிரிக்கப்படுகிறது. அதற்குள் அந்த நிலத்தில் என்ன செய்யலாம் என்ற நிபந்தனை நிலப்பட்டாவிலேயே எழுதப்பட்டிருக்கும். மலாயில் அதை 'ஷாராட் ஞாத்தா' என்பார்கள். குடியிருப்பு என்று எழுதிய பட்டாவில் உணவகம் நடத்த மன்றம் உரிமம் தந்தால், அது நிலச் சட்டத்துக்கே முரணாகிவிடும்.

வீட்டிலிருந்து எந்தத் தொழிலும் செய்ய முடியாது என்று இதற்குப் பொருளில்லை. தையல், கேக் செய்வது போன்ற சிறு தொழில்களுக்கு வீட்டுத் தொழில் உரிமம் தரும் மன்றங்கள் பல உண்டு. அண்டை வீட்டாரின் சம்மதம், வாகனம் நிறுத்தும் வசதி, சத்தம், வெளியாள்களை வேலைக்கு வைப்பது போன்றவற்றில் கட்டுப்பாடுகள் இருக்கும். மேசை போட்டு ஆள்களை உட்காரவைத்துப் பரிமாறுவது அதில் அடங்காது.

கடைவீடு என்றாலும் இன்னொரு கேள்வி கேட்க வேண்டும். அந்த இடத்தில் முன்பு என்ன தொழில் நடந்தது? கைப்பேசிக் கடையாக இருந்த இடத்தை உணவகமாக மாற்றும்போது அடுப்பறை, புகைபோக்கி, கழிவுநீர் என்று பல மாற்றங்கள் தேவைப்படும். சிலவற்றுக்கு வரைபட ஒப்புதலும் வேண்டியிருக்கும். அந்தச் செலவு யாருடையது என்பதை ஒப்பந்தம் எழுதும் முன்னரே பேசி முடிக்க வேண்டும்.

நாங்கள் பார்த்த கடை எட்டு மாதங்களாகப் பூட்டிக் கிடந்தது. அதனால் உரிமையாளரிடம் இரண்டு வாசகங்களை ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லிக் கேட்க முடிந்தது. ஒன்று, மன்றம் உரிமம் மறுத்தால் முன்பணம் முழுதும் திரும்பத் தரப்படும். இரண்டு, வாடகை உரிமம் கிடைத்த நாளிலிருந்து அல்லது 45-ஆவது நாளிலிருந்து, எது முன்னதோ அதிலிருந்து தொடங்கும். முதலில் முகம் சுளித்தவர், பிறகு ஒப்புக்கொண்டார். பூட்டிக் கிடக்கும் கடையால் அவருக்கும் வருமானம் இல்லையே. அம்மாவின் 12,000 ரிங்கிட்டைக் காப்பாற்றியது அந்த இரண்டு வரிகள்தான்.

'என் லைசென்ஸ் இருக்கே, தங்கச்சி'

விண்ணப்பம் முடிய சில வாரங்கள் ஆகும் என்று தெரிந்ததும் அம்மாவுக்குத் தெரிந்த ஒருவர் வீட்டுக்கு வந்தார். அம்மா அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்.

"எதுக்கு தங்கச்சி இவ்வளவு அலையுறீங்க? என் பேர்ல லைசென்ஸ் சும்மாதான் கெடக்கு. மாசம் 300 வெள்ளி கொடுத்துடுங்க. அடுத்த வாரமே கடையத் தொறந்துடலாம்," என்றார்.

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. உரிமத்தை வாடகைக்குக் கொடுப்பது நம் ஊர்களில் நெடுநாளாக நடக்கிற ஒன்றுதான். அம்மா இரண்டு நாள் யோசித்தார். ஐந்து வாரம் வருமானம் இல்லாமல் இருப்பது அவருக்குச் சிறிய விஷயமில்லை. நாங்கள் உட்கார்ந்து கணக்குப் போட்டோம்.

மாதம் 300 என்றால் ஆண்டுக்கு 3,600 ரிங்கிட். சொந்த உரிமத்துக்கான கட்டணத்தைவிட அது பல மடங்கு. உரிமத்தைப் பிறருக்கு மாற்றித் தரக்கூடாது என்பது மன்றங்கள் வழக்கமாக விதிக்கும் நிபந்தனை. அமலாக்க அதிகாரி வந்து கேட்டால் காகிதத்தில் இருக்கும் பெயரும் கடையில் நிற்கும் ஆளும் வேறு வேறாக இருக்கும். அண்ணனுக்கும் அம்மாவுக்கும் நாளை மனக்கசப்பு வந்தால் கடை யாருடையது என்ற கேள்வியும் வரும்.

அம்மாவை முடிவெடுக்க வைத்தது வேறொன்று. இந்திய வணிகர்களுக்காகத் தெக்குன் நேஷனல் நடத்தும் ஸ்பூமி கடனுதவித் திட்டத்தைப் பற்றி நான் படித்துச் சொன்னேன். இப்படிப்பட்ட கடன்களுக்கு விண்ணப்பிக்கும்போது வணிகப் பதிவையும் மன்ற உரிமத்தையும் கேட்பார்கள். பிறர் உரிமத்தில் பத்து ஆண்டு கடை நடத்தினாலும், அம்மா ஒரு நாளாவது வியாபாரம் செய்தார் என்று காட்ட ஒரு தாளும் இருக்காது. வங்கியின் கண்ணுக்கு அந்தப் பத்து ஆண்டும் உரிமத்தில் பெயர் உள்ளவருடையது.

"வேணாண்ணே. லேட்டானாலும் என் பேர்லயே எடுத்துக்கிறேன்," என்று அம்மா சொல்லிவிட்டார்.

கோப்பில் என்னென்ன வேண்டும்?

ஒவ்வொரு மன்றத்தின் இணையத்தளத்திலும் 'செனாராய் செமாக்' என்ற சரிபார்ப்புப் பட்டியல் இருக்கும். தொழில் வகைக்கு ஏற்ப அது மாறும். துணிக்கடை, அலுவலகம் போன்ற ஆபத்துக் குறைந்த தொழில்களுக்கு விரைவாக ஒப்புதல் தரும் மன்றங்கள் உண்டு. உணவகம், பட்டறை, கேளிக்கை மையம் போன்றவற்றுக்குப் பிற துறைகளின் கருத்தையும் கேட்பார்கள்.

எங்கள் கோப்பில் வைத்தவை இவை: அம்மாவின் அடையாள அட்டை நகலும் படமும், எஸ்.எஸ்.எம். சான்றிதழ், முத்திரை வரி கட்டிய வாடகை ஒப்பந்தம், கட்டடத்தின் தகுதிச் சான்றிதழ் நகல், கடை அமைந்துள்ள இடத்தைக் காட்டும் வரைபடம், கடைக்குள் எது எங்கே என்று காட்டும் தரைத்தள வரைபடம், கடையின் உள்ளும் புறமும் எடுத்த வண்ணப்படங்கள், பெயர்ப்பலகையின் மாதிரி, உணவு கையாள்பவருக்கான சான்றிதழ்கள்.

இதில் மூன்று தாள்கள் கடை உரிமையாளரிடமிருந்து வர வேண்டியவை. வாடகை ஒப்பந்தம், கட்டடச் சான்றிதழ், மதிப்பீட்டு வரி ரசீது. ஒப்பந்தத்தைக் கையெழுத்திட்ட 30 நாள்களுக்குள் உள்நாட்டு வருமான வரி வாரியத்தில் முத்திரை வரி கட்டிவிட வேண்டும். மதிப்பீட்டு வரியில் பாக்கி இருந்தால் அதை முடித்துவிட்டு வரச் சொல்லும் மன்றங்கள் உண்டு. வரி கட்ட வேண்டியவர் உரிமையாளர்; காத்திருக்க வேண்டியவர் நீங்கள். ஆகவே முன்பணம் கொடுக்கும் நாளிலேயே அந்த ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.

தரைத்தள வரைபடம் என்றதும் பயப்பட வேண்டாம். எங்கள் மன்றம் கையால் வரைந்ததை ஏற்றுக்கொண்டது. அளவு நாடாவால் அளந்து கட்டத்தாளில் நானே வரைந்தேன். அடுப்பு, கழுவும் தொட்டி, கழிவறை, மேசைகள், இரண்டு வாசல்கள், தீயணைப்புக் கருவி வைக்கும் இடம். கட்டடத்தையே மாற்றி அமைப்பதாக இருந்தால் மட்டும் தகுதி பெற்ற வரைவாளரிடம் போக வேண்டியிருக்கும்.

ஊசியும் வகுப்பும்

உணவுத் தொழில் என்றால் இன்னும் மூன்று படிகள். 2009-ஆம் ஆண்டு உணவுத் தூய்மை விதிமுறைகளின்படி, உணவைக் கையாளும் ஒவ்வொருவரும் சுகாதார அமைச்சு அங்கீகரித்த பயிற்சியை முடித்திருக்க வேண்டும். மருத்துவப் பரிசோதனை செய்து, தைஃபாய்டு தடுப்பூசியும் போட்டிருக்க வேண்டும். பயிற்சி அரை நாளில் முடிகிற வகுப்புதான். தடுப்பூசியைத் தனியார் கிளினிக்கில் போட்டுக்கொள்ளலாம். மூன்று ஆண்டுக்கு ஒரு முறை மறுபடியும் போட வேண்டும்.

மூன்றாவது படி, கடையைச் சுகாதார அமைச்சிடம் பதிவு செய்வது. ஃபோசிம் என்ற இணைய முறையில் அதைச் செய்யலாம். மன்ற உரிமத்திலிருந்து அது வேறானது. இந்த விதிமுறைகளை மீறினால் 10,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது இரண்டு ஆண்டுவரை சிறை என்பதால், விடுமுறையில் கடைக்கு உதவப் போகும் தம்பி தங்கைக்கும் ஊசியும் வகுப்பும் வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். அம்மா எங்கள் இருவரையும் சேர்த்தே அழைத்துப் போனார். இருபது ஆண்டுகளுக்கு மேல் சமைத்தவர் அந்த வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தார். சமைத்த உணவை எவ்வளவு நேரம் வெளியே வைக்கலாம் என்று அவர் கேட்ட கேள்விக்கே பயிற்றுநர் கால் மணி நேரம் பதில் சொன்னார்.

பெயர்ப்பலகையில் தமிழ்

கடைப் பெயரைத் தமிழில் எழுதலாமா? எழுதலாம். ஆனால் தேசிய மொழி முதன்மையாக, பெரியதாக இருக்க வேண்டும் என்று மன்றங்களின் விளம்பரத் துணைச் சட்டங்கள் சொல்கின்றன. பிற மொழி எழுத்துகள் அதைவிடச் சிறியதாக இருக்கலாம். பலகையில் உள்ள மலாய் சரியாக இருக்கிறதா என்று டேவான் பஹாசா டான் புஸ்தாகா பார்த்து ஒப்புதல் தரும். அந்த ஒப்புதலோடுதான் மன்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். உரிமையோடு சேர்த்துப் பெயர்ப்பலகைக்கும் தனிக் கட்டணம் உண்டு.

பலகையை அடித்து மாட்டிவிட்டு விண்ணப்பிப்பவர்கள் இருக்கிறார்கள். எழுத்தின் அளவு ஒத்துவராவிட்டால் அதைக் கழற்றிப் புதிதாக அடிக்க வேண்டும். முதலில் மாதிரிப் படத்துக்கு ஒப்புதல் வாங்குங்கள்; பிறகு பலகை செய்பவரிடம் கொடுங்கள். எங்கள் பலகையில் மேலே மலாயில் 'ரெஸ்தோரான்' என்ற சொல்லோடு கடைப் பெயர் பெரியதாக இருக்கிறது. கீழே அதே பெயர் தமிழில் சிறியதாக இருக்கிறது. தமிழ் எழுத்துகளில் எழுத்துப்பிழை வராமல் பார்ப்பது என் வேலையாக இருந்தது. மலாயைச் சரிபார்க்க ஓர் அமைப்பு இருக்கிறது. தமிழைச் சரிபார்க்க நாம்தான் இருக்கிறோம்.

அதிகாரி வருகிற நாள்

கோப்பைக் கொடுத்த இரண்டாவது வாரத்தில் சுகாதாரப் பிரிவு அதிகாரி கடையைப் பார்க்க வந்தார். தரை, சுவர், கூரை, கழிவறை, குப்பைத்தொட்டி எல்லாவற்றையும் பார்த்தார். இரண்டு குறைகளை எழுதிக் கொடுத்தார். பாத்திரம் கழுவும் தொட்டியோடு சேராமல் கை கழுவத் தனித் தொட்டி வேண்டும். கழிவுநீரில் கலக்கும் எண்ணெயைப் பிடித்து நிறுத்தும் பெட்டி பொருத்த வேண்டும்.

இந்த இரண்டாவது குறை பலருக்கு வீண் செலவாகத் தெரியும். சமையல் எண்ணெய் குழாயில் போய் உறைந்தால் அந்த வரிசையில் உள்ள எல்லாக் கடைகளின் சாக்கடையும் அடைத்துக்கொள்ளும். எலியும் கரப்பான்பூச்சியும் பெருகும். அதிகாரி இதைப் பொறுமையாக விளக்கினார். அம்மாவை 'ஆன்ட்டி' என்று அழைத்து, எந்த அளவுப் பெட்டி இந்தக் கடைக்குப் போதும் என்றும் சொன்னார். இரண்டு வேலைகளையும் முடித்துப் படம் எடுத்து அனுப்பிய பிறகு மறுபடியும் வந்து பார்த்தார். கோப்பைக் கொடுத்த 33-ஆவது நாளில் உரிமம் கிடைத்தது. வாடகை அன்றுதான் தொடங்கியது.

மன்றம் மறுத்தால்?

எல்லாருக்கும் இப்படியே நடக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். 107-ஆவது பிரிவை மாணவர்கள் ஒரு முறையாவது படிக்க வேண்டும். காரணம் சொல்லாமலே உரிமம் மறுக்க மன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்று அதில் இருக்கிறது. கொடுத்த உரிமத்தையும் எந்த நேரத்திலும் காரணம் கூறாமல் ரத்து செய்யலாம். அதனால் நட்டம் ஏற்பட்டாலும் இழப்பீடு கேட்க முடியாது. ஒரு குடும்பத்தின் முழுச் சேமிப்பும் தங்கியிருக்கும் ஒரு தாளுக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு இவ்வளவுதான்.

அதனால் மறுப்பு வந்தால் வாய்மொழியோடு திரும்பிவிடக் கூடாது. காரணத்தை எழுத்தில் தரும்படி பணிவோடு கடிதம் எழுதுங்கள். என்ன மாற்றினால் மறுபரிசீலனை செய்வார்கள் என்றும் கேளுங்கள். மேல்முறையீட்டுக் கடிதத்தை உங்கள் பகுதி மன்ற உறுப்பினரிடமும் சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்திலும் கொடுங்கள்.

மன்ற உறுப்பினர் யார் என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? தெரியாமல் போனதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. ஒரு காலத்தில் நாம் அவர்களை வாக்களித்துத் தேர்ந்தெடுத்தோம். இந்தோனேசியாவுடன் மோதல் நடந்த 1965-இல் ஊராட்சித் தேர்தல் நிறுத்திவைக்கப்பட்டது. அதே ஆண்டு ஊராட்சி மன்றங்களின் செயல்பாட்டை ஆராய அரச விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. அதற்குத் தலைமை தாங்கியவர் ஒரு தமிழர், செனட்டர் ஆதி நாகப்பன். 1968-இல் முடிந்த அந்த அறிக்கை மீண்டும் தேர்தல் வேண்டும் என்று பரிந்துரைத்தது. அது ஏற்கப்படவில்லை. 1976-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு மன்ற உறுப்பினர்களை மாநில அரசாங்கமே நியமித்து வருகிறது. நாம் வாக்களிக்காவிட்டாலும் அவர்கள் நமக்காகப் பேச வேண்டியவர்கள்தான். மன்றத்தின் இணையத்தளத்தில் பெயரும் பகுதியும் இருக்கும், பாருங்கள்.

உரிமம் வந்த பிறகு

உரிமத்தைக் கோப்பில் வைத்துப் பூட்டக் கூடாது. கடையில் எல்லாரும் பார்க்கிற இடத்தில் மாட்ட வேண்டும். அதிகாரி கேட்டால் காட்ட வேண்டும். மாட்டாவிட்டால் அதற்கே 500 ரிங்கிட் வரை அபராதம் அல்லது ஆறு மாதம்வரை சிறை அல்லது இரண்டும் விதிக்கலாம் என்று சட்டம் சொல்கிறது.

உரிமம் மூன்று ஆண்டுகளுக்கு மேல் போகாது. ஆண்டுதோறும் புதுப்பிக்கும் மன்றங்களே அதிகம். டிசம்பர் 31-ஆம் தேதியோடு காலாவதியாகும் உரிமங்கள் பல. அக்டோபர் மாதத்திலேயே கைப்பேசியில் நினைவூட்டல் வைத்துக்கொள்ளுங்கள். கடையை வேறு இடத்துக்கு மாற்றினாலும், கூடுதலாக வேறு தொழில் சேர்த்தாலும் பழைய உரிமம் அதற்குப் பொருந்தாது. சாப்பாட்டுக் கடையின் ஓரத்தில் காய்கறி விற்க வேண்டுமென்றாலும் கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும். தீபாவளிச் சந்தையில் பத்து நாள் முறுக்கு விற்பதற்கும் இரவுச் சந்தையில் இடம் பிடிப்பதற்கும் தனி உரிமங்கள் இருக்கின்றன. கடை உரிமத்தைக் காட்டி அங்கே வியாபாரம் செய்ய முடியாது.

நாம் செய்யக்கூடியது

நம் பெற்றோரில் பலர் சமையலிலும் தையலிலும் முடிதிருத்துவதிலும் கெட்டிக்காரர்கள். படிவத்தைப் பார்த்ததும் தயங்கி நிற்பார்கள். அந்தத் தயக்கத்தில்தான் இடைத்தரகர்கள் பிழைக்கிறார்கள். விண்ணப்பம் நிரப்பித் தருகிறேன் என்று பல நூறு ரிங்கிட் கேட்பவர்களை மன்ற வாசலிலேயே நான் பார்த்தேன். அவர்கள் நிரப்பிய அதே படிவத்தை எஸ்.பி.எம். மலாய் படித்த மாணவர் ஒருவர் ஒரு மாலைப் பொழுதில் நிரப்பிவிடலாம்.

தொழில் தொடங்க நினைப்பவர் உங்கள் வீட்டில் இருந்தால் இந்த வரிசையை மனத்தில் வையுங்கள். முதலில் இடத்தின் முகவரியோடு மன்றத்துக்குப் போய்க் கேளுங்கள். அது சரியென்றால் நிபந்தனையோடு வாடகை ஒப்பந்தம். பிறகு எஸ்.எஸ்.எம். பதிவு, ஊசி, வகுப்பு, பெயர்ப்பலகை ஒப்புதல். அதன் பிறகு முழுக் கோப்போடு விண்ணப்பம். அடுப்பும் மேசையும் கடைசியில்.

ஏற்கெனவே தொழில் நடந்துகொண்டிருந்தால் இன்று மாலை ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். கடைச் சுவரில் மாட்டியிருக்கும் உரிமத்தில் மூன்றைப் பாருங்கள்: யார் பெயர், எந்த முகவரி, எந்தத் தேதிவரை. மூன்றில் ஒன்று ஒத்துவராவிட்டாலும் அமலாக்க அதிகாரி வரும்வரை காத்திருக்க வேண்டாம். நாளைக் காலை மன்றக் கவுண்ட்டர் திறந்ததும் நீங்களே கூட்டிப் போங்கள்.